மணவிலக்கு வழக்கும் மறைந்திருக்கும் கணக்கும்

மும்பைக்குக் கிழக்கே, தாணே கழியின் அக்கரையில் இருப்பது வாஷி. 1973 ஆம் ஆண்டில் கழியின்மேல் பாலம் அமைந்தது; 1992 இல் மின்சார ரயிலும் வந்து சேர்ந்தது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இட நெருக்கத்தில் வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சற்று விசாலமான வீட்டை நாடிப் பாலத்தைக் கடந்து இங்கே குடியேறின. மும்பையின் மொத்த வணிகச் சந்தைகள் இப்பக்கம் வந்தபோது வணிகத்தை நம்பியவர்களும் உடன் வந்தனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இத்தகைய குடும்பங்களைப் பற்றியது.

இக்குடும்பங்களில் பலவற்றில் ஒரு வேலைப் பிரிவினை நெடுநாளாக இருந்துவருகிறது. பணத்தை ஈட்டுவதும் சேமிப்பதும் கணவர் பொறுப்பு. வீட்டை நடத்துவது மனைவி பொறுப்பு. எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, கடன் எவ்வளவு, ஊரில் வாங்கிய நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பனவற்றை மனைவி கேட்டதில்லை; கணவரும் சொன்னதில்லை. இல்லறம் இனிது நடக்கும்வரை இதனால் தீங்கு தெரிவதில்லை. மணமுறிவு நேர்ந்து, இருவரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் நாளில்தான் இதன் விளைவு புலப்படுகிறது. கணவரின் மாத வருமானம் என்ன என்று நீதிபதி கேட்கிறார். பதினைந்து ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பெண்மணி, "தெரியாது" என்கிறார். பிறந்த வீடோ ரயிலில் ஒன்றரை நாள் பயணத் தொலைவில் இருக்கிறது. அருகில் துணை நிற்க உறவினர் இல்லை. பிள்ளைகளின் படிப்பும் நாளைய உணவும் வீட்டு வாடகையும் அந்த ஒரு சொல்லின்மேல் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அந்தத் "தெரியாது" என்னும் சொல்லை, "தெரியும்; இதோ சான்று" என்று மாற்றித் தரக்கூடிய தொழில் ஒன்று இன்று வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அத்தொழிலைச் செய்பவரை ஃபோரன்சிக் அக்கவுண்டன்ட் என்பர். நாம் அவரைத் தடயக் கணக்காய்வாளர் என்று அழைக்கலாம். மணவிலக்கு வழக்குகளில் அவர் செய்யும் பணி என்ன, அதன் பயன் என்ன, எல்லை என்ன என்பதை இங்கே விளக்க முற்படுவோம்.

சிலம்பை உடைத்த வழக்கு

சான்றின் வலிமையைத் தமிழர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பாண்டியன் அவையில் கண்ணகி கண்ணீரை மட்டும் நம்பி நிற்கவில்லை. அரசியின் சிலம்பில் உள்ளது முத்துப் பரல் என்பதை அரசன் வாயாலேயே சொல்லச் செய்தாள். அதன்பின் தன் சிலம்பை உடைத்தாள். உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது. எதிராளியின் கூற்றை முதலில் பதிவு செய்துகொள்வதும், பிறகு பொருளைத் திறந்து அக்கூற்றோடு ஒப்பிடுவதுமாகிய இவ்விரு படிகளே தடயக் கணக்காய்வின் உயிர்நிலை எனலாம். சிலம்பின் இடத்தில் இன்று வங்கிக் கணக்கும் வரிப் படிவமும் பத்திரப் பதிவும் இருக்கின்றன.

தொழிலின் இயல்பு

கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரை நாம் அனைவரும் அறிவோம். கணக்கேடு முறையாக எழுதப்பட்டிருக்கிறதா, அது நிறுவனத்தின் நிலையை உண்மையாகக் காட்டுகிறதா என்று அவர் பார்க்கிறார். தடயக் கணக்காய்வாளர் அதற்கு அப்பாலும் செல்கிறார். கணக்கேட்டில் எழுதப்படாதது என்ன என்பதே அவருடைய கேள்வி. தாம் கண்டதை நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும் வகையில் எழுதித் தருவதும், குறுக்கு விசாரணைக்கு விடை சொல்வதும் அவர் கடமை.

இத்தொழிலுக்கு இப்பெயரை இட்டவர் மாரிஸ் பெலூபே என்னும் அமெரிக்கக் கணக்காயர். 1946 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் இப்பெயர் தோன்றியது. ஆனால் வேலை பெயரைவிட மூத்தது. சிகாகோ நகரின் குற்றக் கும்பல் தலைவன் ஆல் கபோன் 1931 இல் வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டான். கைப்பற்றப்பட்ட சூதாட்டக் கணக்கேடுகளும், அவன் தாராளமாகச் செய்த செலவுகளுமே அவனுக்கு எதிரான சாட்சிகளாயின. நம் நாட்டிலும், அரசுப் பணம் கையாடப்படும் நாற்பது வழிகளை அர்த்தசாத்திரம் வகைப்படுத்திக் கூறுகிறது. இன்று இந்தியப் பட்டயக் கணக்காயர் நிறுவனம் இத்துறைக்கெனத் தனிப் பயிற்சி அளிக்கிறது. தடயக் கணக்கியலுக்கும் புலனாய்வுக்கும் தனித் தரநெறிகளை வகுத்து, 2023 ஜூலை 1 முதல் அவற்றைத் தன் உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது.

சட்டம் கேட்பது என்ன?

இவ்விடத்தில் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுதல் நலம். மணவிலக்கு ஏற்பட்டால் கணவரின் சொத்தில் பாதி மனைவிக்குத் தானே வந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். சில அயல்நாடுகளின் முறை அது. நம் நாட்டில் கோவா மாநிலத்தில், போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின் வழியாக, மணமக்களின் சொத்து பொதுச் சொத்தாகும் முறை நிலவுகிறது. மகாராஷ்டிரத்திலோ தமிழ்நாட்டிலோ அத்தகைய பொது விதி இல்லை.

1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மூன்று வழிகளைத் தருகிறது. அதன் 24 ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் காலத்தில் பெறும் இடைக்கால ஜீவனாம்சம் பற்றியது. 25 ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் பற்றியது. திருமணத்தையொட்டி அளிக்கப்பெற்று, இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பிரிப்பது 27 ஆம் பிரிவு. முதல் இரண்டு பிரிவுகளும் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவானவை. வருவாயற்ற கணவரும் கேட்கலாம். இவையன்றி, மதவேறுபாடின்றி மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் அளிக்க வழிசெய்யும் குற்றவியல் நடைமுறை விதியும் உண்டு. பழைய சட்டத்தின் 125 ஆம் பிரிவாக அறியப்பட்ட அவ்விதி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144 ஆம் பிரிவாக விளங்குகிறது.

இவற்றில் ஜீவனாம்சம் பற்றியவை எல்லாம் இறுதியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இவருடைய உண்மையான வருமானமும் வசதியும் என்ன? அதற்கு விடை தெரியாமல் எந்த நீதிபதியும் நியாயமான தொகையை நிர்ணயிக்க இயலாது.

நாகபுரியிலிருந்து வந்த தீர்ப்பு

இக்கேள்விக்கு விடை பெறும் முறையை நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்திய தீர்ப்பு மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிறந்தது என்பது நம் நேயர்கள் அறிய வேண்டிய செய்தி. ரஜ்னேஷ் – நேஹா வழக்கு என்று அது சட்ட நூல்களில் குறிக்கப்படுகிறது. 2013 இல் மனைவியும் கைக்குழந்தையும் ஜீவனாம்சம் கோரினர். 2015 இல் நாகபுரிக் குடும்ப நீதிமன்றம் மனைவிக்கு மாதம் 15,000 ரூபாயும், மகனுக்கு முதலில் 5,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும் அளிக்குமாறு ஆணையிட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, உச்சநீதிமன்றத்தையும் எட்டி, 2020 நவம்பர் 4 ஆம் நாள் முடிவு பெற்றது. அதற்குள் ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. கைக்குழந்தை பள்ளிச் சிறுவனாகிவிட்டான்.

இந்தக் காலதாமதத்தைக் கண்ட உச்சநீதிமன்றம் பொதுவான நெறிமுறைகளை வகுத்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவரும் தங்கள் வருமானம், செலவு, சொத்து, கடன் ஆகியவற்றைக் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தல் வேண்டும். பத்திரங்கள் வந்தபின் நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் இடைக்கால ஜீவனாம்சத்தை முடிவு செய்ய நீதிமன்றம் முயலுதல் வேண்டும். ஜீவனாம்சம் விண்ணப்பித்த நாள் முதல் கணக்கிடப்பெறும். பத்திரத்தில் பொய் கூறியவர்மீது நடவடிக்கை எடுக்கலாம்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். முன்பு மனைவி தாமே எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கூற வேண்டியிருந்தது. இப்போது கணவர் சத்தியம் செய்து எழுதித் தருகிறார். பாண்டியன் வாயிலிருந்து முத்து என்னும் சொல் வந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது சிலம்பைத் திறக்கும் வேலை.

ஒரு கணக்கு

அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பின்வருவது கற்பனைக் குடும்பம். எண்களும் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை.

வாஷிச் சந்தையில் ஒருவர் கமிஷன் மண்டி நடத்துகிறார். மனைவி, இரு பிள்ளைகள். வழக்கு வந்ததும், தம் வருமானம் மாதம் 35,000 ரூபாய் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுகிறார். ஆண்டுக்கு அது 4,20,000 ரூபாய் ஆகிறது. வியாபாரம் நொடித்துவிட்டது என்கிறார்.

தடயக் கணக்காய்வாளர் மண்டிக் கணக்கைத் தொடுவதற்கு முன்பே, குடும்பம் கடந்த ஆண்டு எவ்வாறு வாழ்ந்தது என்று பார்க்கிறார். வீட்டுக் கடன் தவணை மாதம் 42,000 வீதம் 5,04,000 ரூபாய். பள்ளிக் கட்டணம் 1,80,000. வீட்டுச் செலவு மாதம் 25,000 வீதம் 3,00,000. கார்த் தவணையும் பெட்ரோலும் மாதம் 18,000 வீதம் 2,16,000. ஆயுள் காப்பீட்டுத் தவணை 60,000. மொத்தம் 12,60,000 ரூபாய். சொன்ன வருமானத்தைப் போல் மும்மடங்கு!

மீதி 8,40,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? இக்கேள்வியைக் கேட்டவுடன் குற்றம் சாட்டிவிடுவது நல்ல கணக்காய்வாளரின் இயல்பன்று. அண்ணன் கைம்மாற்றாகக் கொடுத்திருக்கலாம். பழைய வைப்புநிதி முதிர்ந்திருக்கலாம். புதுக் கடன் வாங்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வங்கியில் சுவடு இருக்கும். அவற்றைத் தேடி, உள்ளவற்றைக் கழித்தபின்னும் விளக்கமின்றி நிற்கும் தொகையையே அவர் அறிக்கையில் எழுதுவார். இது செலவு முறை.

நிகரச் சொத்து முறை என்பது இன்னொன்று. ஐந்தாண்டுக்கு முன் ஒருவரின் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் 20 லட்சம். இன்று 62 லட்சம் என்று கொள்வோம். வளர்ச்சி 42 லட்சம். இடைப்பட்ட காலத்தில் சாப்பாடு, படிப்பு முதலியவற்றுக்கு 35 லட்சம் செலவாகியிருக்கிறது. ஆக, 77 லட்சம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். ஐந்தாண்டில் அவர் காட்டிய வருமானம் 21 லட்சம். பெற்றோர் வழி வந்தது 10 லட்சம் என்று சான்று இருக்கிறது. எஞ்சிய 46 லட்சத்துக்கு அவர் விடை கூற வேண்டும். கடன் அடைத்த தொகையைச் சொத்து வளர்ச்சியிலும் செலவிலும் இருமுறை எண்ணிவிடாமல் காப்பதில்தான் கணக்காய்வாளரின் திறமை இருக்கிறது. ஓர் எண் பிழைத்தாலும் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அறிக்கை முழுவதையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுவார்.

பணம் ஒளியும் இடங்கள்

கணக்கை மறைப்பவர்கள் நாடும் வழிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடையில் வேலை செய்யாத தம்பிக்குச் சம்பளம் எழுதுவது ஒரு வழி. வரவேண்டிய பாக்கியை வழக்கு முடியும்வரை வசூலிக்காமல் தள்ளிவைப்பது மற்றொரு வழி. நண்பரிடம் வாங்காத கடனை வாங்கியதாக எழுதி, அதை "அடைப்பது" மூன்றாவது. குடும்பச் செலவைக் கடைச் செலவில் சேர்த்து, லாபத்தைக் குறைத்துக் காட்டுவது நான்காவது. தங்கமாகவும் சீட்டுப் பணமாகவும் மாற்றிவைப்பது ஐந்தாவது.

வெளிமாநிலத் தமிழர்களிடையே இன்னொரு வழியும் உண்டு. மும்பையில் ஈட்டிய பணத்தில் ஊரில் நிலமோ வீடோ வாங்கி, அதைத் தந்தை பெயரிலோ உடன்பிறந்தார் பெயரிலோ பதிவு செய்கின்றனர். பெற்றோர்மீது கொண்ட அன்பினால் செய்வோரே மிகுதி. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் மணமுறிவு நெருங்கும்போது திடீரென அவ்வாறு செய்யப்படுமாயின், நாளும் தொகையும் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டுப் பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று பெறலாம், பட்டாவைப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் வீட்டுப் பதிவுக்கு இன்டெக்ஸ்–2 என்னும் சுருக்கப் பத்திரமும், நிலத்துக்குச் சாத்–பாரா என்னும் பதிவேட்டுப் பகுதியும் உண்டு. கணவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறிய நாளும் ஊரில் பத்திரம் பதிவான நாளும் அடுத்தடுத்து இருக்கும்போது, இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுகிறார் கணக்காய்வாளர். பணம் சென்ற வழியைக் காட்டுவதோடு அவர் வேலை முடிகிறது. சொத்து உண்மையில் யாருடையது என்று கூறுவது நீதிமன்றத்தின் வேலை.

இவ்வகைத் தேடலில் மிகப் பயன்படும் ஆவணம் ஒன்று உண்டு. அதை மறைப்பவரே தம் கையால் எழுதியிருப்பார். அதுதான் வங்கிக் கடன் விண்ணப்பம். ஜீவனாம்சம் என்றால் வருமானத்தைக் குறைத்துச் சொல்பவர், வீட்டுக் கடன் கேட்கும்போது அதே வருமானத்தை நிறைவாகச் சொல்லியிருப்பார். வரித் துறையிடம் ஒரு தொகை, வங்கியிடம் ஒரு தொகை, நீதிமன்றத்தில் ஒரு தொகை என்று மூன்று இருக்குமானால், அவற்றை அருகருகே வைப்பதே போதுமான சான்றாகிவிடும். 2017 முதல் நடைமுறையிலுள்ள ஜிஎஸ்டி படிவங்களும், 2021 முதல் வருமான வரித் துறை தரும் ஆண்டுத் தகவல் அறிக்கையும் இவ்வேலையை எளிதாக்கியிருக்கின்றன. வட்டி, பங்கு ஈவு, சொத்து வாங்கல் விற்றல் முதலியவை அவ்வறிக்கையில் பதிவாகின்றன.

சீர்வரிசையும் சேமிப்பும்

தாய்வீட்டிலிருந்து வந்த நகை பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். சீதனம் மனைவியின் தனிச் சொத்து என்பதை உச்சநீதிமன்றம் 1985 லேயே தெளிவாக்கியது. 2024 ஏப்ரலில் கேரள வழக்கொன்றில் அதனை மீண்டும் வலியுறுத்தியது. திருமணத்தின்போது 89 பவுன் நகை கொண்டுவந்த பெண்மணி ஒருவர், அவை தம்மிடமிருந்து வாங்கப்பட்டுக் கடனுக்காகக் கரைந்துவிட்டன என்று முறையிட்டார். இக்கட்டில் கணவர் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று கூறிய நீதிமன்றம், 25 லட்ச ரூபாய் வழங்க ஆணையிட்டது. நகை வாங்கிய ரசீது, திருமண நிழற்படம், அடகுச் சீட்டு, வங்கி லாக்கரைத் திறந்த நாள்களின் பதிவு ஆகியவை இத்தகைய வழக்கில் கணக்காய்வாளருக்குக் கிடைக்கும் தடயங்கள்.

சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் வழங்கிய தீர்ப்பு ஒன்று புலம்பெயர்ந்து உழைப்போருக்கு நெருக்கமானது. கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் காத்தார். அச்சேமிப்பில் வாங்கிய சொத்து யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. மனைவியின் வீட்டுழைப்பு இல்லாமல் அச்சேமிப்பு இல்லை என்று கண்ட நீதிபதி, அவருக்குச் சம பங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தார். இஃது எல்லா வழக்கிலும் தானே பொருந்திவிடும் சட்ட விதி ஆகாது. ஆனால் வீட்டுழைப்பும் கணக்கில் சேரும் என்ற எண்ணம் நீதிமன்றத்தில் இடம் பெற்றுவிட்டது. அனுப்பிய பணம், வந்த நாள், செலவான வழி ஆகியவற்றை எழுதி வைத்திருப்போருக்கு இத்தகைய வழக்கில் எத்துணை வலிமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

கம்பெனியின் திரைக்குப் பின்னே

வியாபாரம் பெரிதாகும்போது சொத்து கம்பெனியின் பெயருக்குப் போய்விடுகிறது. வீடு என்னுடையதன்று, கம்பெனியுடையது என்று கணவர் கூறுவார். இக்கூற்றை ஆராய்ந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. பிரெஸ்ட் – பெட்ரோடெல் வழக்கு என்பது அதன் பெயர். எண்ணெய் வணிகர் ஒருவருடைய கம்பெனிகளின் பெயரில் வீடுகள் இருந்தன. அவற்றுக்கு யார் பணம் தந்தார் என்பதைக் காட்டும் ஆவணங்களைக் கணவரும் கம்பெனிகளும் முறையாக அளிக்கவில்லை. அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2013 ஜூனில், ஏழு வீடுகளும் உண்மையில் கணவருக்காகவே வைக்கப்பட்டவை என்று கொண்டு, மனைவிக்கு மாற்றித் தர ஆணையிட்டது. கம்பெனி என்பது தனி ஆள் என்னும் சட்டக் கொள்கையை அது தகர்க்கவில்லை. பணம் வந்த வழியைப் பார்த்தது. ஆவணத்தை மறைத்ததன் பொருளையும் உய்த்துணர்ந்தது. கையிலுள்ள ஆவணத்தைக் காட்ட மறுப்பவருக்கு எதிராக ஊகிக்கும் அதிகாரம் நம் நீதிமன்றங்களுக்கும் உண்டு.

நீதிமன்றத்தில் வழிமுறை

செம்பூர், மாதுங்கா, தாராவி வாசிகளுக்குரிய குடும்ப நீதிமன்றம் பாந்திராவில் இருக்கிறது. வாஷி தாணே மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அங்கு வாழ்வோரின் வழக்கு அம்மாவட்டத்தின் எல்லைக்குள் வரும். கணவரைப் பிரிந்து தமிழ்நாட்டில் தாய்வீட்டுக்குச் சென்றுவிட்ட பெண்மணி, வழக்குக்காக மும்பைக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 2003 இல் செய்த திருத்தத்தின்படி, மனைவி தாம் வாழும் இடத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம்.

ஆவணங்கள் மும்பையில் இருக்கின்றனவே என்று கவலைப்பட வேண்டாம். அவற்றை வரவழைக்குமாறு நீதிமன்றத்தை வேண்டலாம். 1891 ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டம், வங்கிக் கணக்கின் சான்றிட்ட நகலையே சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. கணக்குகள் சிக்கலாக இருப்பின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26 ஆம் கட்டளைப்படி, அவற்றை ஆராய ஓர் ஆணையரை நீதிமன்றமே நியமிக்கலாம். 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கைத் தீர்க்க உதவும் என்று கருதும் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் ஏற்க 14 ஆம் பிரிவில் இடம் தருகிறது. தடயக் கணக்காய்வாளரின் அறிக்கை நுழையும் வாயில் இதுவே.

செலவுக்கு வழியில்லாதவர் என் செய்வது? 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கென ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

பணியின் எல்லை

எல்லா வழக்கிலும் இத்தகைய நிபுணர் தேவைப்படுவார் என்று நாம் கூறவில்லை. கணவர் மாதச் சம்பளக்காரராயின் சம்பளச் சீட்டும், முதலாளி தரும் பதினாறாம் எண் படிவமும், வங்கிக் கணக்கும் பெரும்பாலும் போதும். கவனமுள்ள வழக்கறிஞரே அவற்றைப் படித்துவிடுவார். சொந்தத் தொழில், கூட்டு வியாபாரம், ரொக்க வரவு, பல ஊர்ச் சொத்து ஆகியவை இருக்கும்போதுதான் நிபுணரின் கட்டணம் பயன் தரும். தேடிக் கிடைக்கக்கூடிய தொகையைவிடத் தேடும் செலவு மிகுதியாகிவிடக் கூடாது.

அடுத்து, அவர் ஒரு தரப்பின் வாளாக ஆகிவிடலாகாது. வருமானத்தைக் கூட்டிச் சொல்லும் மனைவியும் உண்டு. தம் சம்பளத்தை மறைப்பவரும் உண்டு. வியாபாரம் உண்மையிலேயே நொடித்துப்போன கணவருக்கு, அவ்வுண்மையை நிறுவித் தருபவரும் இதே கணக்காய்வாளர்தாம். யார் பணம் கொடுத்தாலும் எண் ஒன்றே.

ஆவணம் தேடும் ஆவலில் வாழ்க்கைத் துணையின் மின்னஞ்சலையோ கைப்பேசியையோ கடவுச்சொல்லைத் திருடித் திறப்பது தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்கும் உரியது. வீட்டுக்கு இயல்பாக வந்த கடிதம், தம் பெயரும் சேர்ந்த கணக்கின் அறிக்கை, தாம் கையெழுத்திட்ட பத்திரம் ஆகியவற்றின் நகலை வைத்துக்கொள்வது தவறாகாது. மற்றவற்றை நீதிமன்றத்தின் வாயிலாகவே பெற வேண்டும்.

இன்றே செய்யத் தக்கது

மணமுறிவை எதிர்பார்த்து எவரும் இல்லறம் நடத்துவதில்லை, நடத்தவும் கூடாது. எனினும், கணவருக்குத் திடீரென உடல் நலம் குன்றினாலும், விபத்து நேர்ந்தாலும், மனைவி அதே "தெரியாது" என்னும் இருளில்தான் நிற்கிறார். ஆகவே, நாம் கூறும் யோசனை ஒற்றுமையான குடும்பங்களுக்கே முதலில் உரியது.

ஆண்டுக்கு ஒருமுறை, வரிப் படிவம் தாக்கல் செய்யும் நாளில், கணவனும் மனைவியும் அரைமணி நேரம் ஒன்றாக அமரட்டும். எந்த வங்கியில் எந்தக் கணக்கு, எவ்வளவு கடன், எந்தக் காப்பீட்டில் யார் வாரிசுதாரர், ஊரில் உள்ள நிலத்தின் பத்திரம் எங்கே, தாய்வீட்டு நகை எத்தனை பவுன், அதன் ரசீது எங்கே என்பனவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். வரிப் படிவத்தின் நகலையும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் அதனுடன் வைக்கட்டும். படிப்பறிவு குறைந்த மனைவியாயின், பெரிய பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளலாம். கேட்பதை ஐயம் என்று கணவர் கொள்ள வேண்டியதில்லை. சொல்வதை உபகாரம் என்று மனைவியும் எண்ண வேண்டியதில்லை. இருவர் உழைப்பில் அமைந்த வீட்டின் கணக்கு இருவருக்கும் தெரிந்திருப்பது இயற்கையே.

அந்த நோட்டுப் புத்தகம் இருக்கும் வீட்டில் தடயக் கணக்காய்வாளருக்குப் பெரும்பாலும் வேலை இராது. ஒருகால் பிரிவே நேர்ந்தாலும், இருவரும் ஒருவரையொருவர் மேலும் புண்படுத்தாமல் விரைவில் ஒரு முடிவுக்கு வர அது துணை செய்யும். வழக்கு ஏழாண்டு நீள்வதற்கும் ஏழு மாதத்தில் முடிவதற்கும் இடையே, ஒரு குழந்தையின் பள்ளிப் பருவமே அடங்கியிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.